ஜெயிச்சது பசங்க, பேர் வாங்கியது பள்ளிக்கூடம்

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு படம் அனுப்பியிருந்தார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒருத்தர் ரெண்டு காலிலும் வேற வேற ஷூ மாட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறார். கீழே ஒரு கதை. ஒலிம்பிக்ஸில் ஷூ திருடு போய்விட்டதாம், குப்பைத்தொட்டியில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடி ரெண்டு தங்கம் வாங்கினாராம். "இனிமேலாவது சாக்கு சொல்லாதீர்கள்" என்று அறிவுரை வேறு. நம்ம ஆட்கள் முந்தி ஃபார்வர்டு மெயிலில் அனுப்பினதை இப்ப வாட்ஸப்பில் அனுப்பறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். உங்களுக்கும் வந்திருக்கும்.

அதுவரைக்கும் எனக்குப் பிரச்சினை இல்லை. கடைசி வரிதான் கடுப்பேத்திடுச்சு. "காட்டில் திரிந்த இந்தச் செவ்விந்தியச் சிறுவனைக் கண்டெடுத்து, கால்பந்து கற்றுக்கொடுத்து, உலக வீரனாக்கிய பள்ளிக்கும் பயிற்சியாளருக்கும் ஒரு சல்யூட்!"

சித்தப்பாவுக்குப் பதில் எழுத ஆரம்பித்தேன். நாலு பத்தி தாண்டியதும், இது வாட்ஸப்புக்கு அடங்காது, பதிவாகவே போட்டுடலாம் என்று இங்கே வந்துவிட்டேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

படத்தில் இருப்பவர் ஜிம் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர். இப்போதைய ஒக்லஹோமா பக்கம். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் பென்டத்லான், டெகத்லான் ரெண்டிலும் தங்கம். 'காட்டில் திரிந்த' என்பதெல்லாம் ஃபார்வர்டு எழுதினவரோட கற்பனை. அந்தப் பள்ளியின் பெயர் கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி. பென்சில்வேனியாவில் கார்லைல் என்கிற சின்ன ஊரில் 1879-லிருந்து 1918 வரை நடந்தது. (இந்தப் பதிவில் 'இந்திய' என்று வரும் இடமெல்லாம் நாம இல்லை, அவங்க. கொலம்பஸ் வழி தப்பின புண்ணியம்.)

அந்தப் பள்ளியோட கால்பந்து அணியைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நம்ம கால்பந்து இல்லை, முட்டை மாதிரி பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடற அமெரிக்கக் கால்பந்து. கார்லைல் கணக்குப்படி காலேஜ் கூடக் கிடையாது. ஆனா மோதினதெல்லாம் ஹார்வர்ட், பென்சில்வேனியா, சிகாகோ, ராணுவ அகாடமி மாதிரி பெரிய இடங்கள். 1893-லிருந்து 1917 வரைக்கும் 167 வெற்றி, 88 தோல்வி, 13 டிரா. இத்தனைக்கும் பெரிய ஆட்டமெல்லாம் வெளியூரில்தான். பெரிய டிக்கெட் வசூல் அங்கேதானே கிடைக்கும்!

மறக்க முடியாத மூணு வெற்றியை மட்டும் சொல்றேன். அப்புறம் சண்டைக்கு வர்றேன்.

முதலாவது, 1907. அதுக்கு முந்தின வருஷம்தான் பந்தை முன்னோக்கிக் கையால் வீசலாம் என்று விதியை மாத்தியிருந்தாங்க. பெரிய கல்லூரிகளுக்கு அது பிடிக்கலை. குண்டு குண்டாக ஆள் நிறுத்தி முட்டி மோதி நாலடி நகர்வதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டம். கார்லைல் பசங்க எடை கம்மி, வேகம் ஜாஸ்தி. இந்தப் புது விதியை முறையான ஆயுதமா மாத்தினது அவங்கதான். அக்டோபர் 26 அன்று பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை 26-6 என்று சாத்தினார்கள். பீட் ஹவுசர் சுழற்றி வீசிய நீள வீச்சுகளைப் பார்த்து எதிரணிக்கு என்ன செய்யறதுன்னே புரியலை. அதே வருஷம் ஹார்வர்டை 23-15, சிகாகோவை 18-4. சிகாகோ ஆட்டத்தில் ஆல்பர்ட் எக்ஸண்டைன் என்ற ஆட்டக்காரர், தன்னைச் சுத்தி நின்ன எதிரிகளிடமிருந்து தப்பிக்க கோட்டுக்கு வெளியே ஓடி, சிகாகோ ஆட்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பின்பக்கமாகச் சுத்தி, மறுபடி மைதானத்துக்குள் வந்து பந்தைப் பிடித்த கதையை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அன்றைய விதிப்படி அது தப்பில்லை. இன்னிக்கு நீங்க டிவியில் பார்க்கிற அமெரிக்கக் கால்பந்தில் பாதி அழகு இந்த வீச்சுதான். அதைக் கண்டுபிடிச்சது கார்லைல் என்று சிலர் எழுதுவாங்க, அது சரியில்லை. 1906-லேயே செயின்ட் லூயிஸ் அணி வீசிடுச்சு. ஆனா அதை வெச்சு பெரிய அணிகளைக் கதற விடலாம் என்று காட்டினது இவங்க.

இரண்டாவது, 1911 நவம்பர் 11, ஹார்வர்ட். அப்பல்லாம் டச்டவுனுக்கு 5 புள்ளி, உதைச்சு கம்பத்துக்கு நடுவே அனுப்பும் ஃபீல்ட் கோலுக்கு 3. தோர்ப்புக்குக் காலில் அடி, கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினார். நாலு ஃபீல்ட் கோல் உதைத்தார். கார்லைல் 18, ஹார்வர்ட் 15. ஹார்வர்ட் ஆரம்பத்தில் ரிசர்வ் ஆட்களை இறக்கி, "இவங்களுக்கு இது போதும்" என்று நினைச்சது உண்மைதான். அதைச் சாக்காகச் சொல்பவர்களுக்கு என் பதில்: எதிரியை மதிக்காமல் வந்து தோத்தா அதுக்குப் பேரும் தோல்விதான்.

மூணாவது, 1912 நவம்பர் 9. வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி. கார்லைல் 27, ராணுவம் 6. எதிரணியில் இருந்தவர்களில் ஒருத்தர் ட்வைட் ஐசன்ஹோவர். ஆமாங்க, பின்னாடி 1953-ல் ஜனாதிபதியான அதே ஐசன்ஹோவர்தான். ராணுவ அணியின் கேப்டன், கார்லைலின் ஜோ கையானை ஆட்ட நடுவில் தாக்கினதுக்காக வெளியே அனுப்பப்பட்டார். கார்லைல் பசங்க திருப்பி அடிக்கலை, ஸ்கோர் போர்டில் அடிச்சாங்க. எல்லாரும் தோர்ப் பேரை மட்டும் சொல்வாங்க. ஆனா அன்னிக்கு டச்டவுன் போட்டவங்க அலெக்ஸ் ஆர்காசா, ஜோ பெர்கி மாதிரி ஆட்கள். அணியை நடத்தினவர் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ஷ். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு விஷயம் இருக்கு. 1890 டிசம்பர் 29-ல் வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஏழாவது குதிரைப்படை, இருநூறுக்கும் மேற்பட்ட லக்கோட்டா மக்களைச் சுட்டுக் கொன்றது. பெண்கள், குழந்தைகள் உட்பட. அது நடந்து 22 வருஷம் கூட முழுசா ஆகலை, அதே ராணுவத்தோட நாளைய அதிகாரிகளை பூர்வகுடிப் பசங்க அவங்க வீட்டு மைதானத்திலேயே புரட்டி எடுத்திருக்காங்க. இதைப் படிச்சப்ப நான் உட்கார்ந்த இடத்திலேயே விசிலடிச்சேன்.

சரி, இப்ப சண்டை.

"பாருங்க, அந்தப் பள்ளி இல்லைன்னா இந்த வெற்றியெல்லாம் ஏது? தோர்ப் ஏது?" இதுதான் சித்தப்பா ஃபார்வர்டோட வாதம். சித்தப்பா மட்டும் இல்லை. அந்தக் காலத்திலும் இதைத்தான் சொன்னாங்க. அதுக்காகத்தான் அணியை ஊர் ஊராகக் கூட்டிட்டுப் போனாங்க.

அந்தப் பள்ளி என்னன்னு பார்ப்போம். ஆரம்பிச்சவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட், ராணுவ அதிகாரி. பூர்வகுடிக் கைதிகளை ஃப்ளோரிடாவில் ஒரு கோட்டையில் அடைத்து வைத்துப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் பிறந்த யோசனை இது. இடம், பழைய ராணுவ முகாம். பிள்ளைகளை ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுவந்து, முடியை வெட்டி, யூனிஃபார்ம் போட்டு, தாய்மொழியில் பேசினால் தண்டித்து, வெள்ளைக்காரனாக மாற்றுவது திட்டம். அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு மனிதனைக் காப்பாத்தணும் என்கிற அர்த்தத்தில் 1892-ல் மேடையிலேயே பேசினவர் இவர். 1879-ல் வந்த முதல் கூட்டத்தில் இருந்த லக்கோட்டாச் சிறுவன் ஒருவனிடம் கரும்பலகையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைக் குச்சியால் தொடச் சொன்னார்கள். அவன் தொட்ட பெயர் லூதர். அன்றிலிருந்து அவன் லூதர் ஸ்டாண்டிங் பேர். படிக்கக்கூடத் தெரியாத எழுத்தைத் தொட்டு ஒரு பிள்ளைக்குப் பேர் வெச்சிருக்காங்க. இதுக்கா சல்யூட்?

நான் சில வருஷம் ஹாரிஸ்பர்க்கில் ஒரு ப்ராஜெக்டில் குப்பை கொட்டினேன். கார்லைல் அங்கிருந்து அரை மணி நேரம். ஒரு ஞாயித்துக்கிழமை, கால்பந்துப் பைத்தியமான என் ஆபீஸ் நண்பர் ஒருத்தரோட, தோர்ப் ஆடின மைதானம் இருக்கும் ஊரைப் பார்க்கணும்னு கிளம்பினேன். அந்த வளாகத்தில் இப்ப ராணுவப் போர்க் கல்லூரி இருக்கு. ஓரமா ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். ஒரே மாதிரி வெள்ளைக் கற்கள், வரிசை வரிசையாக. ராணுவ வீரர்கள் கல்லறைன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்த்தா ஒவ்வொரு கல்லிலும் பூர்வகுடி இனத்தின் பெயர். படிக்க வந்த இடத்தில் செத்துப்போன பிள்ளைகள். சில கல்லில் பேரே இல்லை, 'தெரியவில்லை' என்று மட்டும். மைதானம் பார்க்க வந்த நாங்க ரெண்டு பேரும் திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசிக்கலை.

யோசிச்சுப் பாருங்க. எந்தப் பள்ளிக்கூடத்துக்குங்க தனியா சுடுகாடு இருக்கும்?

2017-லிருந்துதான் ராணுவம் அந்தக் குழிகளைத் தோண்டி, எலும்புகளைக் குடும்பங்களிடமும் அந்தந்த இனத்தாரிடமும் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சது. அமெரிக்க உள்துறை 2024-ல் வெளியிட்ட அறிக்கை, இந்த மாதிரி உறைவிடப் பள்ளிகள் 417 இருந்ததாகவும், குறைந்தது 973 பிள்ளைகள் அங்கே இறந்ததாகவும் சொல்கிறது. அதே வருஷம் அக்டோபரில் ஜனாதிபதி பைடன் மன்னிப்புக் கேட்டார். டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அரசாங்கமே மன்னிப்புக் கேட்டாச்சு, நம்ம ஃபார்வர்டு இன்னும் சல்யூட் அடிச்சிட்டு இருக்கு.

"சரிப்பா, பள்ளி மோசம்தான். ஆனா கால்பந்து?" அதுவும் பள்ளி தூக்கிக் கொடுத்த வரம் இல்லை. ஆரம்பத்தில் ஒரு ஆட்டத்தில் ஒரு மாணவனுக்குக் கால் உடைஞ்சதும் பிராட் வெளி அணிகளோட ஆடறதையே தடை செய்துட்டார். பசங்க கூட்டமா அவர் அறைக்குப் போய் நின்னு வாதாடித்தான் திரும்ப வாங்கினாங்க. பிராட் ரெண்டு நிபந்தனை போட்டதாக அவரே எழுதியிருக்கார். ஒண்ணு, எதிரி குத்தினாலும் நீங்க திருப்பிக் குத்தக் கூடாது, குத்தினா காட்டுமிராண்டின்னு சொல்வாங்க. ரெண்டு, சில வருஷத்துக்குள்ள நாட்டிலேயே பெரிய அணியை ஜெயிக்கணும். அதாவது வெள்ளைக்காரப் பையன் அடிச்சா அது ஆட்டம், இவன் திருப்பி அடிச்சா அது ரத்தத்தில் ஊறினது. அப்படி இருந்தும் ஜெயிச்ச மறுநாள் பத்திரிகைகள் 'போர்ப்பாதை', 'தலைத்தோல் உரித்தல்' என்றுதான் தலைப்புப் போட்டன. மூளையால் ஜெயிச்சவனை என்னிக்குமே மூளையால் ஜெயிச்சான்னு எழுத மாட்டாங்க.

அடுத்து கோச். க்ளென் 'பாப்' வார்னர். ஆட்டத்தைப் பொறுத்தவரை ஆள் மேதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராணுவத்தை ஜெயிச்ச ஆட்டத்தின் வியூகம் அவருடையது. இன்னிக்கும் அமெரிக்காவில் குட்டிப் பசங்க ஆடற பெரிய கால்பந்து அமைப்புக்கு அவர் பேர்தான். ஆனா தோர்ப்புக்கு என்ன செய்தார்? 1909, 1910-ல் தோர்ப் வட கரோலினாவில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியிருந்தார். 1913 ஜனவரியில் அது பத்திரிகையில் வந்ததும், காசு வாங்கினவன் அமெச்சூர் இல்லை என்று ஒலிம்பிக் பதக்கங்களைப் பிடுங்கினாங்க. வார்னர் என்ன சொன்னார் தெரியுமா? எனக்கு ஒண்ணுமே தெரியாது! தன் அணியின் முக்கிய ஆட்டக்காரன் ரெண்டு வருஷம் எங்கே போனான்னு கோச்சுக்குத் தெரியாதாம். நம்பறவங்க நம்பிக்கோங்க. 'நான் வெறும் இந்தியப் பள்ளிப் பையன், எனக்கு இதெல்லாம் தெரியாது' என்கிற தொனியில் தோர்ப் பேரில் ஒரு மன்னிப்புக் கடிதம் போச்சு. அதை வடிவமைச்சதே வார்னர்தான் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். ஒலிம்பிக் விதிப்படி ஆட்சேபம் 30 நாளைக்குள் வந்திருக்கணும். வந்ததோ ஆறு மாசம் கழிச்சு. 1953-ல் தோர்ப் செத்தும் போயிட்டார். 1982-ல் பாதி மனசோட 'இணை வெற்றியாளர்'னு சேர்த்தாங்க. அவர் மட்டும்தான் வெற்றியாளர் என்று ஒத்துக்கொள்ள 2022 ஜூலை ஆச்சு. நூத்திப் பத்து வருஷம்!

காசு விஷயத்துக்கும் வந்துடுவோம். ஆட்டங்களில் வந்த டிக்கெட் வசூல் அரசுக் கணக்கில் சேராமல் தனி விளையாட்டு நிதியாக இருந்தது. கோச் சம்பளம், கோச்சுக்கு வீடு எல்லாம் அதிலிருந்து. ஆட்டக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, கோட்டு, கொஞ்சம் கைக்காசு கிடைச்சது, மறைக்க விரும்பலை. ஆனா மத்த பிள்ளைகள்?

இங்கேதான் கஸ் வெல்ஷ் திரும்ப வர்றார். ராணுவத்தை ஜெயிச்ச அதே குவார்ட்டர்பேக். பள்ளி நிர்வாகத்தை விசாரிக்கணும் என்று மாணவர்கள் அரசுக்கு ஒரு மனு அனுப்பினாங்க. இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்து. அதில் முன்னால் நின்னவர் வெல்ஷ். 1914-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரிச்சது. வார்னர் ஆட்டக்காரர்களைக் கேவலமாகத் திட்டுவது, விளையாட்டு நிதி செலவான விதம், பள்ளியின் பேண்ட் மாஸ்டர் ஒரு மாணவியை அடித்தது எல்லாம் வெளியே வந்தது. பள்ளி நிர்வாகிக்கு வேலை போச்சு. அந்த சீசனோட வார்னரும் கார்லைலை விட்டுப் போனார். (போய் பிட்ஸ்பர்க்கில் இன்னும் பெரிய கோச் ஆனார், அது வேற கதை.)

என்னைக் கேட்டா கார்லைல் அணியின் பெரிய வெற்றி ஹார்வர்டும் இல்லை, ராணுவமும் இல்லை. இந்த மனுதான். பள்ளியின் செல்லப்பிள்ளை, எல்லா வசதியும் கிடைக்கிற ஆட்டக்காரன், சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து வந்து தன் கோச்சுக்கு எதிராகவே சாட்சி சொன்னான் பாருங்க, அதுக்கு எத்தனை டச்டவுன் கொடுக்கலாம்?

இந்தப் பக்கம் ஒரு கோஷ்டி இருக்கு, அவங்களோடவும் சண்டை போட்டுடறேன். "அந்த அணியே பள்ளியோட விளம்பரம்தான், அந்த வெற்றியைக் கொண்டாடறதே தப்பு" என்பவர்கள். என் ஆபீஸ் நண்பரே அன்னிக்கு ராத்திரி அப்படித்தான் சொன்னார். எனக்கு ஒத்துக்க முடியலை. பேர், மொழி, முடி எல்லாத்தையும் பிடுங்கினாங்க. அந்தப் பசங்க கேட்டு வாங்கின ஒரே விஷயம் இந்த ஆட்டம். அதையும் 'பள்ளியோடது'ன்னு நாம எழுதி வெச்சா, மிச்சம் இருந்ததையும் நாமே பிடுங்கினதா ஆகாதா? எக்ஸண்டைனும் வெல்ஷும் பின்னால் வக்கீலுக்குப் படிச்சாங்க, கோச் ஆனாங்க. அது அவங்க திறமை. பத்தாயிரம் பிள்ளைகளைக் கூண்டில் போட்டு, அதில் பத்துப் பேர் பறந்துட்டாங்கன்னா, கூண்டுதான் றெக்கை கொடுத்ததுன்னு சொல்வீங்களா?

1918-ல் முதல் உலகப்போரில் அடிபட்ட வீரர்களுக்கு ஆஸ்பத்திரி வேணும்னு ராணுவம் அந்த வளாகத்தைத் திரும்ப எடுத்துக்கிச்சு. பள்ளி மூடிடுச்சு, அணியும் முடிஞ்சது. தோர்ப் உடம்புக்குக் கூட நிம்மதி இல்லை. 1954-ல் பென்சில்வேனியாவில் ஒரு ஊர் தன் பேரையே 'ஜிம் தோர்ப்' என்று மாத்திக்கிட்டு, அவர் உடம்பை வாங்கி அங்கே புதைச்சுது. சொந்த மண்ணுக்குக் கொண்டுபோகணும்னு மகன்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2015-ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கவே மறுத்துடுச்சு. உயிரோட இருந்தப்ப பேரை மாத்துங்கடான்னு இவங்களைப் படுத்தினாங்க. செத்தப்புறம் ஒரு ஊரே இவர் பேரை வெச்சுக்குது!

அதனால சித்தப்பா, அந்தப் படத்தைத் தாராளமா அனுப்புங்க. ரெண்டு வேற வேற ஷூவும் நிஜம்தான். கடைசி வரியை மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க. சல்யூட் கட்டாயம் வேணும்னா, 26-6, 18-15, 27-6 அடிச்ச பசங்களுக்கு அடிங்க. மனுவில் கையெழுத்துப் போட்டவங்களுக்கு அடிங்க. ஊருக்குத் திரும்பாமலே போன பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்க.

டிஸ்கி: பதிவைப் படிச்சுட்டு சித்தப்பா ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பியிருக்கார். அது சம்மதமா கோபமான்னு தெரியலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணிக் கேட்கணும் :-)